217-ஆம் எண் ஜாக்கெட்

நானூறு பைக் ஓட்டிகள், நூற்று எண்பது நாள், ஒரு மோதல்கூட இல்லை.

இந்த வரியைத் திரையில் மூன்று முறை மனதுக்குள் படித்தேன். நான்காவது முறை வாய்விட்டுப் படித்ததும் ஆய்வுக்கூடத்தில் யாரோ மைசூர்பாகு டப்பாவைத் திறந்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் நல்ல சேதி வந்த இரண்டாவது நிமிடம் மைசூர்பாகு வந்தாக வேண்டும். ஆறு மாத உழைப்பு, ஒரே ஒரு பூஜ்யமாக வந்து நின்றிருந்தது. வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கி இத்தனை சந்தோஷப்பட்டது அன்றுதான்.

என் பெயர் பூங்கோதை. 'கண்பிடி' ஜாக்கெட் செய்யும் சிறிய நிறுவனத்தில் தரவுகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ஜாக்கெட்டுகள் அனுப்பும் பதிவுகளில் உருப்படியானதை வைத்துக்கொண்டு குப்பையை ஒதுக்க வேண்டும். எது குப்பை என்று முடிவு செய்கிறவளும் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஜாக்கெட்டைக் கண்டுபிடித்தவர் டாக்டர் சம்பந்தம். கண்ணுக்கும் மூளைக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை இருபது வருடமாக ஆராய்பவர். அன்று பிற்பகல் ஒரு தொலைக்காட்சி நிருபர் அவரைப் பேட்டி எடுக்க வந்திருந்தார்.

"பளபளன்னு பச்சை ஜாக்கெட் ஏற்கெனவே இருக்கே சார். இது எதுக்கு?" என்று நிருபர் கேட்டார்.

"அந்தப் பச்சை ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வாழைத் தோப்பு ஓரமாப் போங்க. காணாமப் போயிடுவீங்க. வெளுத்த சுவர் முன்னால கறுப்புச் சட்டை போட்டவன்தான் நல்லாத் தெரிவான். நிறம் மட்டும் போதாது, பின்னால இருக்கறதோட அது ஒட்டாம நிக்கணும். இது பாதி."

"மீதிப் பாதி?"

"மோதின டிரைவர் அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொல்வாங்க. 'பாத்துட்டுத்தான் திருப்பினேன், பைக்கே இல்ல'ன்னு. அவங்க பொய் சொல்லல. கண்ணு பாத்துச்சு, மூளை பாக்கல. மூளை லாரியத் தேடுது, பஸ்ஸத் தேடுது. பைக்கத் தேடறதில்ல. எங்க ஜாக்கெட்டோட நெஞ்சுல ஒரு கேமரா இருக்கு. அது எதிர்ல வர்றவரோட கண்ணைக் கவனிக்கும். அந்தக் கண்ணு ஜாக்கெட் மேல பட்டும் நிக்காமப் போனா, கால் நொடியில ஜாக்கெட் தன்னோட கோலத்தை மாத்தும். பார்வை நிக்கிற வரைக்கும் மாத்திக்கிட்டே இருக்கும்."

"அப்போ டிரைவர் பாக்காமத் தப்பிக்கவே முடியாதா?"

"முடியாது" என்றார் சம்பந்தம். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மாவட்டச் சாலைக் குழுவின் கூட்டம். பொங்கல் முதல் எல்லா இரு சக்கர வாகன ஓட்டிகளும் கண்பிடி அணிய வேண்டும் என்ற விதிக்கு அங்கேதான் ஒப்புதல் கிடைக்க வேண்டும். நிருபர் போனதும் சம்பந்தம் என் மேசைக்கு வந்தார்.

"ஒதுக்கின பதிவு எவ்வளவு, ஏன் ஒதுக்கினோம்னு கட்டாயம் கேப்பாங்க. ஒரு பக்கம் எழுதி வச்சிரு பூங்கோதை."

குப்பைக் கோப்பைத் திறந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. பேட்டரி தீர்ந்தது, மழையில் நனைந்தது. அதற்கடுத்து 'தவறான அணிதல்' என்று நான் பெயர் வைத்த ஒரு பகுதி. அது முழுவதும் ஒரே ஆளுடையது. எண் 217, நாச்சிமுத்து, வயது 46. கணபதி, பீளமேடு பகுதிகளில் உள்ள பட்டறைகளுக்கு மோட்டார் உதிரிபாகம் கொண்டுபோய்க் கொடுப்பவர். முதல் வாரம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். பிறகு முப்பத்தாறு நாள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறார். நாற்பத்து மூன்றாம் நாளோடு போடுவதையே விட்டுவிட்டார். 'பாதியில் விலகியவர்' என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

முன்பின்னாக மாட்டுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நெஞ்சைத் துளைக்கும். ஜிப் இடுக்கு வழியாகக் காற்று புகாமலிருக்க, பைக்கில் போகிற பாதிப் பேர் ஜாக்கெட்டின் முதுகை நெஞ்சுப் பக்கம் வைத்துத்தான் மாட்டிக்கொள்வார்கள். ஜிப் முதுகில் திறந்தே கிடக்கும். ஆனியிலும் ஆடியிலும் அந்தக் காற்று எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சொல்லிக் கொடுத்ததை மறந்து இவர் ஊர்ப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார் என்று நானும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

இவரிடம் இன்னொரு விசேஷமும் இருந்தது. எங்கள் செயலி தினமும் மாலையில் 'ஜாக்கெட் வசதியாக இருந்ததா?' என்று கேட்கும். இவர் நாற்பத்து மூன்று நாளும் 'இல்லை' என்றே அழுத்தியிருந்தார். பாவம், உடம்பை இறுக்குகிறது போலிருக்கிறது என்று மூன்று தடவை பெரிய அளவாகப் பார்த்து அனுப்பியிருந்தேன்.

ஒரு பக்கம் எழுதத் தொடங்கினேன். எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பதிவைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிடச் சோம்பலின்மைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

நெஞ்சுக் கேமரா முதுகுக்குப் போயிருந்ததால், படத்தில் சாலை பின்னோக்கி ஓடியது. நாச்சிமுத்து ஒரு சந்திப்பைக் கடந்துவிட்டார். பக்கத்துச் சாலையில் ஒரு கார் நிற்கிறது. டிரைவரின் கண் நாச்சிமுத்துவின் மேல் ஒட்டிக்கொண்டு அவர் போகும் திசையிலேயே திரும்புகிறது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. கண் அங்கேயே இருக்க, கார் மட்டும் முன்னால் நகர்கிறது. நாச்சிமுத்துவுக்குப் பின்னால் வந்த சைக்கிள்காரர் பிரேக்கைப் பிடித்துச் சாய்ந்து ஒரு காலை ஊன்றுகிறார்.

அடுத்ததைப் பார்த்தேன். நடந்து குறுக்கே வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் பின்னால் தாவினாள். அதற்கடுத்து ஒரு பூ வண்டி. முப்பத்தாறு நாளில் இப்படி அறுபத்தொன்று. அத்தனையிலும் டிரைவரின் கண் நாச்சிமுத்துவின் மேல். மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் ஜாக்கெட்டைச் சரியாகப் போட்டிருந்ததால், தங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவர்களுடைய கேமராக்கள் பார்க்கவே இல்லை. எங்கள் பூஜ்யம் ஜாக்கெட் போட்டவர்களின் பூஜ்யம் மட்டுமே.

கடைசிப் பதிவு நாற்பத்து மூன்றாம் நாள். கணபதி நாற்சந்தி. ஒரு வேன் டிரைவர் நாச்சிமுத்துவையே பார்த்தபடி திருப்ப, பின்னால் மொபெட்டில் வந்த ஒரு பெண்ணை வேன் இடித்துச் சாய்க்கிறது. படம் குலுங்குகிறது. நாச்சிமுத்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். முதுகில் கேமரா இருந்ததால் அவர் தூக்குவது தெரியவில்லை, சுற்றி நின்றவர்களின் முகங்கள் மட்டும் தெரிந்தன. யாரோ முன்பின் தெரியாத பெண்ணுக்காக இப்படி ஓடுகிற நல்ல மனுஷன், அந்தப் பெண் விழுந்ததற்குத் தன் ஜாக்கெட்தான் காரணம் என்று தெரிந்தால் என்ன ஆவார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சம்பந்தத்தை இழுத்து வந்து காட்டினேன். பத்துப் பதிவுகளை நின்றபடியே பார்த்தவர், பதினொன்றாவதுக்கு உட்கார்ந்தார்.

"கண்ணு ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் பிடிக்கும்" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரிஞ்சதுதான். இருபது வருஷமா நானே பாடம் நடத்தறேன்."

"பொங்கலுக்கு அப்புறம் நாலு லட்சம் ஜாக்கெட் ரோட்டுல இறங்கும் சார். நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க யாரும் எவன் கண்ணுக்கும் தெரியமாட்டாங்க."

"அவங்களுக்கும் ஒண்ணு குடுத்துடலாம்."

"எல்லாரும் கத்தினா யார் பேசறது கேக்கும்?"

நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். யோசனை வந்தால் எனக்கு உட்கார முடியாது. ஜன்னல்வரை போய்த் திரும்பும்போது சட்டென்று பிடிபட்டது.

"சார், டிரைவர் பாத்துட்டார்னு ஜாக்கெட்டுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். கண் நின்னதும் கோலத்த மாத்தறத நிறுத்திடும்."

"நிறுத்தறது மட்டும் ஏன்? பாத்தாச்சுன்னு தெரிஞ்ச அடுத்த கணமே அணைஞ்சு, ரோட்டு நிறத்துக்கு மங்கிடட்டும். கண்ணை விட்டுடட்டும் சார். விட்டா அது தானா அடுத்த ஆளைத் தேடிப் போகும்."

சம்பந்தம் என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடம் கண்ணைப் பிடிக்கிற வித்தையை மட்டுமே யோசித்தவருக்கு, பிடித்ததை விடலாம் என்று தோன்றவே இல்லை. "பத்து வரி நிரல்" என்று முனகினார். பிறகு முகம் சுருங்கியது. "ஆனா போட்டவன் ஒரு நொடி மங்கலாப் போறான். அவனுக்குப் பாதுகாப்பு குறையும். பக்கத்துல போறவனைக் காப்பாத்தற ஜாக்கெட்ட யார் போட்டுக்குவான்?"

"போட்டவர்கிட்டயே கேப்போம்" என்று 217-க்குப் போன் செய்தேன்.

நாச்சிமுத்து மாலை ஐந்து மணிக்கு ஜாக்கெட்டோடு வந்தார். கேட்டை மறித்தபடி நின்ற ஒரு மொபெட்டைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரை உள்ளே அழைத்துப் போனேன். ஒல்லியான மனிதர். நான் அனுப்பிய பெரிய ஜாக்கெட் அவர் கையில் போர்வையாகத் தொங்கியது. விபத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதிய நிரலைப் பற்றியும் மறுநாள் பதினோரு மணிக் கூட்டத்தைப் பற்றியும் மட்டும் சொன்னேன்.

"உங்களப் பாத்ததும் அணைஞ்சிடும். அந்த ஒரு நொடி உங்களுக்கு ஆபத்து இருக்கு அண்ணே. வேண்டாம்னா வேண்டாம்."

"என்னப் பாத்துப்போட்டு, அப்பறம் பின்னால வர்றவங்களையும் பாப்பானுங்களா?"

"பாப்பாங்கன்னு நம்பறோம். நாளைக்குக் காலையில சோதிக்கணும். நான் சைக்கிள்ல உங்க பின்னால வர்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணபதி முக்குல வெச்சுக்கலாமுங்க. அங்கதான் சரியாத் தெரியும்" என்றார்.

காலை ஆறரை மணிக்கு அங்கே இருந்தோம். மார்கழிக் குளிர். டீக்கடையில் ஏழெட்டுப் பேர், ஓரமாக ஒரு மொபெட், ரேடியோவில் பக்திப் பாட்டு. சாம்பல் நிறச் சுடிதாரில், சம்பந்தம் வீட்டுச் சைக்கிளில் நான். சைக்கிள் ஓட்டிப் பன்னிரண்டு வருடமாகியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தம் டிரைவர்களின் கண்ணைப் படமெடுக்கும் கருவியோடு சிக்னல் கம்பத்தடியில் நின்றார். நாச்சிமுத்து ஜாக்கெட்டை அன்று நேராகப் போட்டிருந்தார்.

"ரோட்டுல நானே பாத்துக்குவனுங்க. நீங்க மேல விழாம வந்தாச் சரி" என்றார்.

முதல் சுற்றில் பழைய நிரலே ஓடியது. நாச்சிமுத்து சந்திப்பைக் கடந்தார். பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு சரக்கு ஆட்டோ மெல்ல முன்னேறியது. ஓட்டியவருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு கை தூரம்கூட இல்லை. அவர் முகம் என் பக்கம், கண் நாச்சிமுத்துவின் பக்கம். ஆட்டோ நிற்கவில்லை. நான் கத்திக்கொண்டே சைக்கிளை நடைபாதையில் ஏற்றினேன். படத்தில் அறுபத்தொரு முறை பார்த்திருந்தும், இல்லாத ஆளாக இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லி முடியாத பயம் அது.

சம்பந்தம் ஓடி வந்தார். "போதும் பூங்கோதை. இறங்கு."

"இல்ல சார். நிரலை மாத்துங்க."

இரண்டாவது சுற்று. நாச்சிமுத்து முன்னால் போனார். பக்கத்துச் சாலையில் ஒரு பால் வேன். நான் வேனின் கண்ணாடியையே பார்த்தபடி மிதித்தேன். டிரைவரின் கண் ஜாக்கெட்டில் விழுந்தது. ஜாக்கெட்டின் முதுகு ஒரு முறை மினுங்கி, தார் நிறத்துக்கு மங்கியது. பிடி விட்ட கண் ஒரு கணம் தடுமாறித் திரும்பியது. திரும்பி என் மேல் நின்றது. வேன் முன்பக்கம் அமுங்கி நின்றுவிட்டது. டிரைவர் 'போ போ' என்று கையை ஆட்டினார். என்னை ஒருவர் பார்க்கிறார் என்பதற்காக நடுரோட்டில் நான் சிரித்தேன்.

புதிய நிரலில் பதினெட்டுச் சுற்று ஓட்டினோம். பதினேழு முறை நின்றார்கள். பதினெட்டாவது ஆள் போன் பேசிக்கொண்டிருந்தார், அவரை எந்த ஜாக்கெட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. சம்பந்தம் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

டீக்கு ஒதுங்கினோம். இதற்கு மேல் மறைப்பது தப்பு என்று பட்டது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆடி மாசம் இந்த முக்குல ஒரு அம்மா விழுந்தாங்களே, நீங்க ஓடிப்போய்த் தூக்கினீங்க. உங்க மேல தப்பே இல்ல. ஆனா வேன்காரன் அவங்களப் பாக்காததுக்குக் காரணம், நீங்க போட்டிருந்த எங்க ஜாக்கெட்தான்."

நாச்சிமுத்து டீயை ஊதினார். "தெரியுமுங்க."

"தெரியுமா?"

"மொத வாரத்துலயே தெரியுமுங்க. கல்யாண மாப்பிள்ளையாட்ட எல்லாரும் என்னையவே பாக்கறாங்கொ. பின்னால வர்றவங்கள ஒருத்தனும் பாக்கறதில்ல. உங்க போன்ல வசதியா இருக்குதான்னு கேக்குமுங்களே, ஆமா, இல்லைன்னு ரெண்டே பட்டன்தான். வேற எதுல சொல்றது? நானும் தெனமும் இல்லைன்னு அமுக்குனனுங்க. நீங்க பெரிய சைஸ் அனுப்பி உட்டீங்க."

என் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"உங்க ஆபீசுக்குப் போன்ல கூப்பிட்டுஞ் சொன்னனுங்க. ஜாக்கெட் போட்டவருக்கு அடி பட்டுதான்னு கேட்டாங்கொ. இல்லீங்கன்னேன். அப்ப இது நாங்க எழுதற விசயம் இல்லீங்கன்னு போன வெச்சுப்போட்டாங்கொ. சரி, கேமரா நெஞ்சுல இருக்குதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, அதையே பின்னால திருப்பி உட்டாப் பாத்துக்கும், பாத்தா யாராச்சும் என்னன்னு கேப்பாங்கன்னு திருப்பிப் போட்டனுங்க."

"நான் காத்துக்குன்னு நெனச்சேன் அண்ணே."

"காத்து நமக்குப் பழகுனதுதானுங்க. காத்துக்குப் போடறவிய ஜிப்ப ஏன் இழுத்துப் பூட்டறாங்கொ? முதுகுல கை எட்டாது. கேமரா ஆடக்கூடாதுன்னு, தெனமும் காலைல அவதான் பூட்டி உடுவா. பூட்டிப்போட்டு, மில்லு வரைக்கும் என்ற பின்னாலயே வருவா."

"யாரு?"

அவர் கடையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே மொபெட்டில் சாய்ந்து, மில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். இடது காலைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தார். ஒரு மணி நேரமாக அதே இடத்தில்தான் நின்றிருக்கிறார். நான் அந்தப் பக்கம் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

"இங்க வந்து நில்லு" என்று கூப்பிட்டார் நாச்சிமுத்து. "என்ற சம்சாரமுங்க. தெய்வானை. அன்னிக்கு உழுந்தது இவதானுங்க."

எழுந்து நின்றேன். "உங்களப் பாத்ததே இல்ல" என்று உளறினேன்.

"நேத்துப் பாத்தீங்களே அம்மிணி" என்றார் தெய்வானை, கோபமே இல்லாமல். "கேட்டுப் பக்கத்துல நின்னனே. வண்டிய நவுத்தச் சொன்னீங்க."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பதினோரு மணிக்கு என்னன்னு சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒதுக்கி வச்சதத்தான் முதல்ல காட்டுவேன்."

"காட்டுங்க" என்றவர் கணவரிடம் திரும்பினார். "எட்டு மணிக்கு ஷிப்ட்டு. நேரமாச்சு. திருப்பிப் போடுங்க."

நாச்சிமுத்து ஜாக்கெட்டைக் கழற்றி முன்பின்னாக மாட்டினார். தெய்வானை பின்னால் நின்று கீழிருந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்துப் பூட்டி, கேமராவை உள்ளங்கையால் ஒரு முறை துடைத்தார். இரண்டு வண்டிகளும் கிளம்பின. முன்னால் அவர், பின்னால் இவர். ஒரு வேன் பக்கத்துச் சாலையிலிருந்து வந்தது. நானும் சம்பந்தமும் மூச்சு விடாமல் நின்றோம்.

பதினோரு மணிக்குச் சாலைக் குழுவின் இருபது பேர் முன்னால், மைசூர்பாகு தின்று கொண்டாடிய பூஜ்யத்தை நான் காட்டவில்லை. 'தவறான அணிதல்' கோப்பிலிருந்த அறுபத்தொன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். பாதியிலேயே பழைய ஜாக்கெட்டுக்கு ஒப்புதல் இல்லை என்பது எல்லோருடைய முகத்திலும் தெரிந்துவிட்டது. சம்பந்தம் தலையை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக அன்று காலை ஏழரை மணிப் பதிவைப் போட்டேன். சாலை பின்னோக்கி ஓடுகிறது. வேன் டிரைவரின் கண் கேமராவைப் பார்க்கிறது, ஒரு கணம் தடுமாறுகிறது, விலகிப் பின்னால் போகிறது. வேன் நிற்கிறது. ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் மொபெட்டில், அவசரமில்லாமல், படத்தின் நடுவில் வருகிறார்.

அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவர் மேல் இருந்தது.

"யாரும்மா இவங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

எங்கள் முந்நூறு பக்க அறிக்கையில் ஓர் இடத்தில்கூட இல்லாத அந்தப் பெயரை, முதல் முறையாக நான் சொன்னேன்.